பால்வண்ணன் பேர்ல ஒரு வரி

கேமராவ உள்ள வச்சிருங்கம்மா. போட்டோவ அப்புறம் பாத்துக்கிடலாம். அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. மெஷின் சத்தத்துல பேச முடியாது, கொஞ்ச நேரம் நிப்பாட்டிருதேன். கல்யாணப் பத்திரிகதான், சாயந்தரம் ஓட்டிக்கிடலாம்.

நீங்க பால்வண்ணனப் பத்தி எழுத வந்திருக்கிய. எனக்கு மச்சினன் அவன். எம் பொஞ்சாதி கோமதிக்கு ஒரே தம்பி. ஞாயித்துக்கிழம இணைப்புல ரெண்டு பக்கம் வருது, வெளிநாட்டு வீடியோ கேமுக்குப் பாதை போட்ட சங்கரன்கோவில்காரர்னு தலைப்பு கூட வச்சாச்சுன்னு போன்ல சொன்னிய. அவன் நம்பர் வேணும், சின்ன வயசுப் போட்டோ வேணும்னு கேட்டிய. வாங்க, நேர்ல பேசிக்கிடுவோம்னு நானும் சொல்லிட்டேன். சொல்லிட்டு காலையில இருந்து வாசலையே பாத்துகிட்டு இருக்கேன். நீங்க வராம இருந்தா நல்லா இருக்கும்னும் நெனச்சேன். தப்பா எடுத்துக்கிடாதிய.

அந்தப் பாதைய அவன் போடல.

எழுதிக்கிடுங்க, பரவால்ல, எழுதத்தான் சொல்லுதேன். ஆனா முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க. பாதியில எழுதினா அவன் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். அவன் ஒரு பொய்யும் சொல்லல. நானும் சொல்லலன்னு ரொம்ப நாள் நெனச்சுகிட்டு இருந்தேன்.

என்னப் பத்திக் கொஞ்சம் சொன்னாத்தான் இது புரியும். எனக்குத் தொழில் இந்த அச்சாபீஸ். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, பிளெக்ஸ் போர்டு, எல்லாம் அடிப்போம். பிளஸ் டூக்கு மேல படிக்கல. ஆனா எங்கிட்ட அடிச்ச பத்திரிகையில ஒரு பிழை பாக்க முடியாது. ஒரு ஒற்று விட்டுப் போச்சுன்னா என் கண்ணு தானா அங்க போய் நிக்கும். ஊர்ல மத்த பிரஸ்காரங்க கூட முக்கியமான வேலைன்னா புரூஃப் பாக்க எங்கிட்டதான் அனுப்புவாங்க. அது ஒரு தனி வித்தைம்மா. செஞ்சவனுக்குத் தன் தப்பு தெரியாது. வேற ஒருத்தன்தான் பாக்கணும்.

அந்தக் கண்ணுதான் என்னக் களஞ்சியத்துல கொண்டுவிட்டுச்சு. இணையத்துல இருக்கே, கலைக்களஞ்சியம், யாரு வேணும்னாலும் எழுதலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு. தமிழ்ல இருக்கறதச் சொல்லுதேன். சம்பளம் கிடையாது. நம்ம கோயிலப் பத்தின கட்டுரையில ஒரு எழுத்துப் பிழையத் திருத்தப் போனேன். போனவன் அங்கயே தங்கிட்டேன். அங்க ஒரு விதி உண்டு. எதச் சொன்னாலும் ஆதாரம் காட்டணும். எந்தப் புத்தகத்துல வந்துச்சு, எந்தப் பேப்பர்ல வந்துச்சுன்னு அடியில குறிக்கணும். மேற்கோள்னு சொல்லுவோம். ஆதாரம் இல்லாம ஒருத்தர் எழுதினா, அந்த வரிக்குப் பக்கத்துல 'மேற்கோள் தேவை'ன்னு சீட்டு ஒட்டுவோம்.

சீட்டு ஒட்டுறதுல நான் பேர் போனவன். ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் அவர் அப்பாவப் பத்தி எழுதினார். பிறந்த வருசத்துக்கு ஒட்டினேன். "எங்கப்பா பிறந்த வருசம் எனக்குத் தெரியாதா"ன்னு கேட்டார். "தெரியும் ஐயா, ஆனா ஆதாரம் இல்லையே"ன்னு பதில் போட்டேன். மனுசன் அதுக்கப்புறம் வரவே இல்ல. ஆனா மத்தவங்க எல்லாம் என் பதிலப் பாராட்டினாங்க. பிறகு நிருவாகின்னு பொறுப்பும் குடுத்தாங்க. யாராவது வந்து கட்டுரையக் கெடுத்தா, அவங்க மேற்கொண்டு எழுத முடியாம நான் தடுத்து வைக்கலாம். புதுசா வாறவங்களுக்கு விதி எல்லாம் சொல்ற உதவிப் பக்கம் இருக்கு. அது நான் எழுதினதுதான்.

இப்ப வண்ணனுக்கு வாறேன்.

எஞ்சினியரிங் முடிச்சுட்டு பெங்களூர்ல ஒரு கம்பெனியில சேந்தான். வெளிநாட்டுக்காரங்க வீடியோ கேம் செய்வாங்க, அதுல கொஞ்ச வேலைய இவங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. 'ஸைலான் 2210'ன்னு ஒரு கேம். கார் ரேஸ்தான், ஆனா இருநூறு வருசம் கழிச்சு நடக்குற ரேஸ். வண்டிக்குச் சக்கரம் கிடையாது, மிதந்துகிட்டே ஓடும். சனி கிரகத்து வளையத்து மேல ஒரு பாதை, கடலுக்கு அடியில ஒரு பாதை. இவன் வேலை அத விளையாடிப் பாத்து எங்க தப்பு இருக்குன்னு சொல்றது. டெஸ்டர். வேலையில சேந்த அன்னிக்கே சொல்லிட்டான், ஒளிக்கல.

ஒரு தடவ லீவுல வந்தவன் சந்தோசமா சொன்னான். "அத்தான், ஒரு வளைவு இருக்கு. வண்டி இடது பக்கம் லேசா உரசிட்டுப் போனா, சுவரு வழியா வெளிய விழுந்துரும். வேற யாருக்கும் அப்படி ஆகல. எனக்கு ஒரே ஒரு தடவ ஆச்சு. மறுபடி அத வரவைக்க ஒரு வாரம் அந்த வளைவுலயே ஓட்டினேன். கடைசியில வந்துருச்சு." முகமெல்லாம் சிரிப்பு.

நான் கேட்டேன், "சரிப்பா. அந்த வளைவ வரைஞ்சது யாரு?"

"அது டிசைன் டீம். மூணு பேரு."

"அதுல சேர முடியாதா ஒன்னால?"

அவன் கை கழுவிட்டு வாறேன்னு எந்திரிச்சுப் போயிட்டான். எனக்கு அது ஒரு வேலையாவே தெரியலம்மா. அடுத்தவன் செஞ்சதுல தப்புக் கண்டுபிடிக்கறது. அத வெளிய எப்படிச் சொல்ல.

பிறகு தென்காசிப் பக்கம் பொண்ணு பாக்கப் போனோம். நல்ல குடும்பம். பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை என்ன செய்யுதார்னு கேட்டார். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வண்ணனே சொல்லிட்டான், கேம விளையாடிப் பாத்துத் தப்புச் சொல்ற வேலைன்னு. அங்க அவங்க சித்தப்பா ஒருத்தர் உக்காந்திருந்தார். "எங்க வீட்லயும் ஒருத்தன் பள்ளிக்கூடம் போகாம அதத்தான் செய்யுதான், அவனுக்கும் சேத்துச் சம்பளம் வாங்கிக் குடுங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. வண்ணனும் கூடச் சேந்து சிரிச்சான். கோமதி சிரிக்கல. வேன்ல திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியவே பாத்துகிட்டு வந்தா. அந்த முகத்த என்னால பாக்க முடியல.

மறுநாள் கட்டுரைய ஆரம்பிச்சேன். ஸைலான் 2210. தமிழ்ல அந்தக் கேமப் பத்தி ஒரு வரி கிடையாது. வெளிநாட்டுப் பத்திரிகை விமர்சனம் எல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். எந்த வருசம் வந்துச்சு, எத்தன பேரு ஒரே நேரத்துல ஓட்டலாம், இசை எப்படின்னு ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் போட்டேன். 'டிராக்'குக்கு முதல்ல ஓடுதளம்னு எழுதினேன், படிச்சா ஏரோபிளேன் ஞாபகம் வருது, அழிச்சுட்டு பந்தயப் பாதைன்னு போட்டேன். அப்படிப் பாத்துப் பாத்து எழுதின கட்டுரை. நீங்களே படிச்சுப் பாருங்க, ஒரு குறை சொல்ல முடியாது. அந்த ஒரு வரியத் தவிர.

'இதன் பந்தயப் பாதைகளை வடிவமைத்த குழுவில் சங்கரன்கோவிலைச் சேர்ந்த சு. பால்வண்ணனும் ஒருவர்.'

அவ்வளவுதான் வரி. குழுன்னுதான் எழுதினேன். அவனும் அதே கம்பெனியிலதான் இருக்கான், அதே கேம்லதான் வேலை பாக்குதான். எழுதி முடிச்சுட்டு, பக்கத்துல நானே 'மேற்கோள் தேவை'ன்னு சீட்டும் ஒட்டினேன். யோசிச்சுப் பாருங்க, என் வரிக்கு நானே சீட்டு ஒட்டினேன். அந்த அளவுக்கு விதிய மதிச்சவன் நான்.

கோமதிகிட்ட காட்டினேன். யாரு எழுதினதுன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. களஞ்சியத்துலயே வந்திருக்கான்னு ரெண்டு தடவ படிச்சா.

உங்களுக்கு முன்னால இந்த ஊர்ல உங்க பேப்பர் நிருபரா இருந்தாரே, அவர் ஒரு நாள் விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார். அந்தப் பக்கம் ஸ்கிரீன்ல தொறந்து கிடந்துச்சு. நான் காட்டல. தொறந்து கிடந்துச்சு. "யாருங்க இந்தப் பால்வண்ணன், நம்ம ஊரா?"ன்னார். என் மச்சினன்னேன். "அட, செய்தியாச்சே. போட்டோ இருக்கா?"ன்னார். குடுத்தேன். அந்தச் சீட்ட அவர் கவனிக்கல. சின்ன எழுத்துல இருக்கும், கவனிக்கலன்னு அவரக் குறை சொல்ல முடியாது. மூணாம் நாள் செய்தி வந்துச்சு. நான் என்ன செஞ்சேன், உங்க பேப்பர மேற்கோளாப் போட்டு, சீட்ட எடுத்துட்டேன். இப்ப விதிப்படி எல்லாம் சரி. உங்க பேப்பருக்கு ஆதாரம் என் வரி, என் வரிக்கு ஆதாரம் உங்க பேப்பர்.

சிரிக்காதிய. இல்ல, சிரிச்சாலும் சரிதான்.

அதுக்கப்புறம் அது என் கையில இல்ல. இன்னொரு பேப்பர் உங்களப் பாத்துப் போட்டுச்சு. தென்காசி வீட்ல இருந்து திரும்ப ஆள் விட்டாங்க, வண்ணன் முடியாதுன்னுட்டான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வாறான்னு தெரிஞ்சு வியாபாரிங்க சங்கத்துல பாராட்டு விழா வச்சாங்க. பிளெக்ஸ் நம்ம கடைலதான் அடிச்சது. சனி கிரகத்துக்குப் பக்கத்துல அவன் தலை. அவனுக்கு விழா விசயமே பஸ்ஸ விட்டு இறங்கினப்பதான் தெரியும். "அத்தான், என்ன இது?"ன்னான். "ஒண்ணுமில்ல, பத்து நிமிசம் உக்காந்துட்டு வந்துரு, ஒங்கக்கா ஆசைப்படுதா"ன்னேன்.

மேடையில சால்வ போட்டாங்க. பேசச் சொன்னாங்க. மைக்கப் பிடிச்சு அவன் தெளிவாத்தாம்மா சொன்னான். "எல்லாருக்கும் நன்றி. ஆனா பாதைய வரைஞ்சது நான் இல்ல. வேற மூணு பேரு. நான் விளையாடிப் பாத்துத் தப்புச் சொல்றவன், அவ்வளவுதான்." இதவிட ஒருத்தன் எப்படிச் சொல்ல முடியும். சங்கத் தலைவர் என்னத் திரும்பிப் பாத்தார். கோமதி முன் வரிசையில உக்காந்திருக்கா. நான் கை தட்டினேன். நான் தட்டினதும் எல்லாரும் தட்டினாங்க. தலைவர் மைக்க வாங்கி, "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய இடத்துக்குப் போயும் எவ்வளவு அடக்கம்"னார். அதுக்கு இன்னும் பெருசாக் கை தட்டல். வண்ணன் கையில மைக் இல்ல. சால்வயப் பிடிச்சுகிட்டு நின்னான்.

பெங்களூருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் பைக்ல கொண்டுவிட்டேன். இறங்கினதும் சொன்னான், "அந்த வரிய எடுத்துருங்க அத்தான்." நான் எழுதினதுன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குதியளா. எங்க குடும்பத்துல வேற யாரு எழுதப் போறா. சரின்னேன்.

எடுக்கல. எடுக்கணும்னுதான் இருந்தேன். கல்யாண சீசன். அதோட, ரெண்டு பேப்பர்ல வந்த விசயத்தக் காரணம் சொல்லாம எடுத்தா நாலு பேரு கேப்பாங்க. காரணம் என்னன்னு போட? இன்னிக்கு, நாளைக்குன்னு போயிட்டு இருந்துச்சு.

ஒரு நாள் பாத்தா அந்த வரியக் காணோம். பேரு பதியாம யாரோ வந்து எடுத்திருக்காங்க. அப்படிப் பதியாம வந்தா அவங்க கணினியோட எண் மட்டும் தெரியும், அத வச்சு எந்த ஊருன்னு பாக்கலாம். பெங்களூர். நான் வரியத் திரும்பப் போட்டேன். மறுநாள் திரும்ப எடுத்திருக்கு, 'தவறான தகவல்'னு ஒரு குறிப்போட. திரும்பப் போட்டு, எச்சரிக்கையும் வச்சேன். மூணாந்தடவையும் எடுத்தாங்க. அந்தத் தடவ அந்த எண்ணையே தடுத்து வச்சேன். காரணம் எழுதணும்லா, 'மேற்கோளுள்ள தகவலைத் தொடர்ந்து நீக்கும் நாசவேலை'ன்னு எழுதினேன்.

அப்படிப் பாக்காதியம்மா. பெங்களூர்ல எத்தன லட்சம் பேரு இருக்காங்க. சரி, அதுல தமிழ் படிக்கறவங்க, அந்தக் கேமத் தெரிஞ்சவங்க, வேற எதையும் தொடாம அந்த ஒரு வரிய மட்டும் எடுக்க வாறவங்க எத்தன பேருன்னு கேப்பிய. மூணாந்தடவ குறிப்புல அவன், 'நான் சோதனைப் பிரிவில்தான் இருந்தேன், தயவுசெய்து விட்டுவிடுங்கள்'னு எழுதியிருந்தான். நான் அதப் படிக்காமத் தடுத்துட்டேன்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். புரூஃப் பாக்கறவன் கண்ணும்மா இது. படிக்காம ஒரு எழுத்து இதத் தாண்டிப் போகாது.

பிறகு நடந்தது எல்லாம் கோமதி சொல்லித்தான் தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் அந்த வரிய இங்கிலீஷ் களஞ்சியத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டான், உங்க பேப்பர ஆதாரமா வச்சு. கம்பெனியில பாத்துட்டாங்க. பாதை வரைஞ்ச மூணு பேருல ஒருத்தி அஸ்ஸாம்காரப் பொண்ணு. வண்ணன் அந்தப் பொண்ணோட ஒரே மேசையில மத்தியானம் சாப்பிடுவானாம். ரெண்டு வருசம் கண்ணு வலிக்க வரைஞ்சிருக்கா. அவ பேரு எங்கயும் இல்ல, இவன் பேரு ரெண்டு மொழியில இருக்கு. அவ சண்ட போடல. மேசைய மாத்திகிட்டா. அதத்தான் வண்ணன் அக்காகிட்ட சொல்லி அழுதிருக்கான்.

மேலதிகாரி கூப்பிட்டு, நீயே ஊர்ல அப்படிச் சொல்லிகிட்டியான்னு கேட்டிருக்கார். இவன் இல்லன்னான். சால்வயோட போட்டோவக் காட்டியிருக்காங்க. "ஊர்ல தப்பாப் புரிஞ்சுகிட்டாங்க சார்"னு மட்டும் சொன்னானாம். ஒப்பந்தம் முடிஞ்சதும் அவங்க புதுப்பிக்கல. இப்ப ஓசூர்ல இருக்கான். போன்ல ஆளுங்க புகாருக்குப் பதில் சொல்ற வேலை.

கோமதி இதச் சொன்ன அன்னிக்கே போய் அந்த வரிய எடுத்தேன். எடுத்த கொஞ்ச நேரத்துல அது திரும்ப வந்துருச்சு. கனடாவுல வேழினின்னு ஒரு ஈழத்துப் பிள்ள எழுதுது, ரொம்பக் கவனமான பிள்ள, அதுதான் திரும்பப் போட்டிருக்கு. நான் உரையாடல் பக்கத்துல, இந்தத் தகவல் தவறு, எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும்னு எழுதினேன். அந்தப் பிள்ள மரியாதையா பதில் போட்டுச்சு. 'ஐயா, தனிப்பட்ட அறிவு ஆதாரமாகாது என்று உதவிப் பக்கத்தில் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு இரண்டு நாளிதழ்கள் சான்றாக உள்ளன. அச்சில் வந்த மறுப்பு ஏதும் இருந்தால் தாருங்கள், நானே நீக்கிவிடுகிறேன்.'

அந்தப் பிள்ள சொன்னதுல ஒரு பிழை இல்ல. யாரு எப்ப எந்த வரிய எழுதினாங்கன்னு வரலாற்றுப் பக்கத்துல இருக்கும், அழிக்க முடியாது. ஒரு தட்டு தட்டினா சங்கரபாண்டியன்னு என் பேரு வந்து நிக்கும். யாரும் தட்டிப் பாக்கல. சங்கரபாண்டியன் எழுதினதுன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. அது என் புனைவுன்னு நானே எழுதியிருக்கலாம். ரெண்டு நாள் அந்தப் பெட்டியத் தொறந்து வச்சுகிட்டு உக்காந்திருந்தேன். கை போகல.

அதனாலதாம்மா உங்களக் கூப்பிட்டேன். நீங்க போடுங்க. உங்க பேப்பர்ல வந்ததுக்கு உங்க பேப்பர்லயே மறுப்பு. அத மேற்கோளா வச்சு அந்தப் பிள்ள நீக்கிரும். இங்கிலீஷ்லயும் போயிரும். என் பேரு போடாம எழுத முடியுமா? ஒரு பயனர் தவறுதலாகன்னு. இல்ல, சும்மாதான் கேட்டேன். பேரு இல்லாம எழுதினா அவன் சொல்லித்தான் எழுதினாங்கன்னு ஆயிரும், புரியுது. போடுங்க. தவறுதலாகவும் வேண்டாம்.

அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனான்னா? உரையாடல் பக்கத்துல நான் எழுதினதோட லிங்க் அனுப்பினேன். பாத்துட்டான், டிக் நீலமாச்சு. அதுக்கு மேல என்ன எழுதன்னு தெரியலம்மா. கோமதிகிட்ட அவன் வாராவாரம் பேசுவான். சில நேரம் அவ போன எங்கிட்ட குடுப்பா. "நல்லா இருக்கேன் அத்தான், வேலைக்கு நேரமாச்சு"ம்பான். வச்சிருவான்.

ஆனா ஒண்ணு. அத எழுதினது யாருன்னு அவன் இன்னிவரைக்கும் அக்காகிட்ட சொல்லல. அந்தப் பேப்பர்காரன் விளங்காமப் போகட்டும்னு அவ உங்க ஆள ஏசிகிட்டு இருக்கா, பக்கத்துல உக்காந்து நானும் கேட்டுகிட்டு இருக்கேன். நான் எழுதினதுன்னு அவளுக்குத் தெரியாது. அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அழுத அன்னிக்குக் கூடச் சொல்லல. அக்கா வாழ்ற வீடுன்னு நெனச்சான் போல. அவனுக்கு வேலை போனது கூட எனக்கு அப்படி இல்லம்மா, இதத்தான் தாங்க முடியல. சாப்பாட்டுத் தட்டுல கை வைக்கும்போது எல்லாம் அவன் சொல்லாம விட்டது ஞாபகம் வருது.

ஞாயித்துக்கிழம பேப்பர வீட்ல முதல்ல பிரிக்கறது அவதான். அதப் பாத்து அவ தெரிஞ்சுகிடக் கூடாது.

அந்தா வாறா பாருங்க. தூக்குவாளியோட, பச்ச சேலை. நீங்க எந்திரிக்காதிய. கொஞ்சம் இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தனியா இருந்தா நான் வேற எதையாவது பேசி இன்னிக்கும் விட்டுருவேன்.

வா கோமதி. சாப்பாட்ட அங்கன வையி. இவங்க பேப்பர்ல இருந்து வந்திருக்காங்க, வண்ணன் விசயமா. கோவப்படாத, இவங்க வேற ஆளு, அந்த ஆளு மேலயும் தப்பு இல்ல. நீ முதல்ல இப்படி உக்காரு. உக்காரேன். அந்த வரிய எழுதினது நான்தான்.